நாழிகை வழி: அண்ணாமலையைச் சுற்றிய பாதையின் வரலாறு

சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைகளையும் வணிகச் சாத்துகளையும் பின்தொடர்ந்தே எழுதியுள்ளனர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை விரைந்து அடைவதே வழியின் பயன் என்ற எண்ணம் அவ்வரலாறுகளின் அடித்தளமாக உள்ளது. திருவண்ணாமலையில் 2,668 அடி உயரம் கொண்ட மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்துள்ள கிரிவலப் பாதை இந்த எண்ணத்துக்குள் அடங்குவதில்லை. தொடங்கிய இடத்திலேயே முடியும் இவ்வழியால் யாரும் வேறோர் ஊரைச் சென்றடைவதில்லை. ஆயினும் நாட்டுப்புற வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் குறுங்காடுகளுக்கும் இடையே சென்ற இந்த ஒற்றை வளையத்துக்கு, பேரூர்களை இணைத்த பெருவழிகளுக்குக்கூடக் கிட்டாத அளவில் மண்டபங்களும் குளங்களும் நிழல்மரங்களும் பல நூற்றாண்டுகளாக வாய்த்து வந்துள்ளன. விரைவை விலக்கி, நின்று செல்வதையே முறையாகக் கொண்ட வழியாக இது உருப்பெற்றதே அதற்குக் காரணம். எனவே இப்பாதையின் வரலாற்றை அதன் அகலத்தையும் நீளத்தையும் கொண்டு எழுதுவதைவிட, அதில் நடந்தோர் எங்கெங்கு நின்றனர் என்பதைக் கொண்டு எழுதுவதே பொருந்தும்.

கணவாய்க்கும் கடற்கரைக்கும் இடையே

திருவண்ணாமலையைச் சூழ்ந்த நிலப்பகுதி தொன்றுதொட்டு வழிகளின் நாடு. மேற்கே சவ்வாது மலைக்கும் அதன் தெற்கிலுள்ள குன்றுகளுக்கும் நடுவே செங்கம் கணவாய் திறக்கிறது. கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் உள்ளடக்கிய பாராமகால் மேட்டு நிலத்திலிருந்து இக்கணவாய் வழியாகக் கீழிறங்குவோர் கிழக்குச் சமவெளியை அடையும்போது முதலில் எதிர்ப்படும் பெரிய அடையாளம் அண்ணாமலை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்நிலத்தின் வழிகளைப் பொருளாகக் கொண்டதாகும். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையில் எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும் அங்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பதாக அமைவது ஆற்றுப்படை. செங்கண்மா எனப்பட்ட செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் அந்நூலில், வழியிலுள்ள இடர்கள், இரவில் தங்கத்தக்க சிற்றூர்கள், அங்குக் கிடைக்கும் உணவு, சேயாற்றின் கரையைப் பற்றிச் செல்லும் முறை ஆகியவை வரிசையாகக் கூறப்படுகின்றன. எவ்வளவு விரைவில் செல்லலாம் என்பதைக் காட்டிலும் எங்கெங்குத் தங்கலாம் என்பதே அங்கு வழி சொல்வதன் சாரமாக இருப்பது கவனிக்கத்தக்கது.

அதே வட்டாரத்தின் நடுகற்கள் வழிகளின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்ட இக்கற்களில் பல, பல்லவ மன்னர் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறிப்பிடுவன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-ஆம் ஆண்டில் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுப்பாக அவற்றை வெளியிட்டது. மேய்ச்சல் நிலமும் மாட்டுத்தடமும் இந்நாட்டின் பொருளியலுக்கு எவ்வளவு அடிப்படையானவை என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன. கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டி திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையும் இந்தப் பின்னணியில் வைத்துக் காணத்தக்கதே. வழிபாட்டுக்கு வந்தவர்கள் பயணித்த அதே மண்தடங்களில்தான் காளைகளும் கன்றுகளும் ஓட்டிவரப்பட்டன.

கணவாயின் வழி போருக்கும் பயன்பட்டது. டெல்லிப் படைகளின் தாக்குதலால் போசளத் தலைநகரான துவாரசமுத்திரம் நிலைகுலைந்த பின்னர், 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். மைசூர் மேட்டுநிலத்துக்கும் தமிழகச் சமவெளிக்கும் நடுவே இவ்வூர் அமைந்திருந்தமை அத்தேர்வுக்கு ஏற்றதாக இருந்தது. முதல் ஆங்கிலேய–மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் செங்கத்தில் ஐதர் அலியோடும் ஐதராபாத் நிசாமோடும் மோதிய கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படை, உணவுப் பொருளை நாடித் திருவண்ணாமலைக்கு வந்ததும், அம்மாத இறுதியில் இங்கு மீண்டும் போர் மூண்டதும் இதே வழியின் தொடர்ச்சியாகும். ஆக, விரைந்து கடக்கவேண்டிய வழிகள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. அவற்றின் நடுவில், அவற்றிலிருந்து வேறுபட்ட நோக்கத்தோடு, மலையைச் சுற்றிய வளையம் ஒன்று தனித்து உருவானது என்பதே இங்கு விளக்கப்பட வேண்டியது.

மலையே மூலவர்

பெரும்பாலான சிவத்தலங்களில் கருவறையில் உள்ள இலிங்கம் மூலவராகவும், அதைச் சூழ்ந்த மதில்களுக்கு இடைப்பட்ட சுற்றுகள் பிராகாரங்களாகவும் கொள்ளப்படும். திருவண்ணாமலையில் மலை முழுவதுமே இலிங்கம் என்ற நம்பிக்கை நிலைபெற்றமையால், மலையடிவாரத்தைச் சுற்றிய வழி கோயிலின் கடைசிப் பிராகாரம் ஆயிற்று. ஐம்பூதத் தலங்களுள் இது நெருப்புக்கு உரியது. அடியும் முடியும் காணவியலாத தழற்பிழம்பாகச் சிவபெருமான் நின்ற கதை இம்மலையோடு இணைக்கப்பட்டுள்ளது. பாதையின் பல இடங்களில் நந்தியின் சிலை கோயில் எதையும் நோக்காமல் நேராக மலையை நோக்கி அமர்ந்திருப்பது இந்நம்பிக்கையின் கண்கூடான சான்றாகும்.

7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அண்ணாமலையைப் பாடியுள்ளனர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இத்தலத்தில் பாடினார் என்பது மரபு. பாதையின் மேற்புறத்தில் உள்ள அடி அண்ணாமலை என்னும் சிற்றூரில் அவருக்குத் தனிக்கோயில் இருப்பது, அம்மரபு கிழக்கே உள்ள பெருங்கோயிலோடு நில்லாமல் மலையின் மறுபக்கக் கிராமத்தோடும் பிணைந்திருப்பதைக் காட்டுகிறது. அதே ஊரில் உள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில், நகரத்தின் பெருங்கோயிலுக்கு மலைக்கு அப்பால் அமைந்த இணை போல நிற்கிறது. வட்டமாகச் செல்லும் வழிக்கு ஒரு புறத்தில் மட்டும் சிறப்பிருந்தால் மறுபாதி வெறும் திரும்பும் வழியாகிவிடும். அடி அண்ணாமலை அந்த மறுபாதிக்கும் ஈர்ப்பை அளித்தது.

இவ்வாறு வளையம் முழுவதையும் சமமாக நிறைப்பதில் முதன்மையான பங்கு எண்திசை இலிங்கங்களுடையது. கிழக்கில் இந்திர இலிங்கம், தென்கிழக்கில் அக்னி இலிங்கம், தெற்கில் எம இலிங்கம், தென்மேற்கில் நிருதி இலிங்கம், மேற்கில் வருண இலிங்கம், வடமேற்கில் வாயு இலிங்கம், வடக்கில் குபேர இலிங்கம், வடகிழக்கில் ஈசானிய இலிங்கம் என்ற எட்டுச் சிறுகோயில்களும் அந்தந்தத் திசைக்குரிய காவலர்களின் பெயரைத் தாங்கியவை. நடப்பவர் எந்த இலிங்கத்தைக் கடந்தார் என்று சொன்னாலே மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். இன்றைய மைல்கல்லின் வேலையை இக்கோயில்கள் செய்தன. மைல்கல்லைப் பார்த்தபடியே கடந்துவிடலாம், இங்கோ ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்ட பிறகே மேலே செல்வது வழக்கம் என்பது மட்டும் வேறுபாடு.

நடக்கும் முறையையும் மரபு வகுத்தது. ஸ்காந்த புராணத்தைச் சார்ந்த அருணாசல மாகாத்மியமும், அதைத் தழுவிச் சைவ எல்லப்ப நாவலர் தமிழில் இயற்றிய அருணாசல புராணமும் மலையை வலம்வருவதன் பெருமையை விரித்துரைக்கின்றன. காலணி இன்றி நடத்தல், மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி செல்லுதல், மலையை ஒட்டிய வலப்புறத்தைச் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டுவிட்டுப் பாதையின் இடப்புறமாகவே நடத்தல் என்பன அம்மரபின் விதிகள். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி அடியெடுத்து வைப்பதைப் போன்று மெல்ல நடக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்றாகத் தொடர்ந்து கூறப்பட்டு வருகிறது. பக்தி உணர்வைக் குறித்ததாகவே இவ்விதி பொதுவாக விளக்கப்பட்டாலும், பாதையின் அமைப்பைத் தீர்மானித்த விதியாகவும் இதைக் கொள்ள வேண்டும்; அத்தகைய நடையில் 14 கிலோமீட்டரைக் கடப்பவருக்கு அடிக்கடி நிழலும் நீரும் அமர இடமும் தேவைப்படும்.

நிழலும் நீரும்

தமிழகத்தின் பழைய வழக்கில் தொலைவும் நேரமும் ஒன்றாகவே அளக்கப்பட்டன. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஒருவர் நடந்து கடக்கும் தொலைவு நாழிகை வழி எனப்பட்டது. மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற நடுத்தர நடையைக் கொண்டு கணக்கிட்டால், மலைச்சுற்று ஏறத்தாழ ஒன்பது நாழிகை வழி ஆகும். ஆனால் இந்த அளவு நடப்பவரையும் நடையையும் பொறுத்து நீண்டும் குறுகியும் வரக்கூடியது. முதியவர்க்கும் குழந்தையை இடுப்பில் சுமந்தவர்க்கும் இதே சுற்று ஓர் இரவு முழுவதற்கும் நீளும். அதற்கேற்பவே பாதையோரத்தில் தங்குமிடங்கள் நெருக்கமாக எழுந்தன.

வழிநெடுக நிற்கும் கல்மண்டபங்களில் பெரும்பாலானவை விசயநகர, நாயக்கர் காலக் கட்டடப் பாணியைச் சேர்ந்தவை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட தூண்கள், ஏறி அமர ஏற்ற உயரத்தில் ஒரு கல்மேடை, மேலே பலகைக் கற்களைப் பரப்பிய தட்டையான கூரை, தூணின் சதுர முகப்புகளில் மீனும் ஆமையும் அடியவர் உருவங்களுமாகச் சிறிய புடைப்புச் சிற்பங்கள் என்ற அளவில் அமைந்த எளிய கட்டடங்கள் இவை. சுவரோ கதவோ இல்லாமையால் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் ஏறி அமரலாம். கல்லின் தடிப்பும் நாற்புறத்துக் காற்றும் பகல் வெயிலின் வெம்மையைத் தணிக்கும். அண்ணாமலையார் கோயிலின் 217 அடி உயர இராசகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பட்டுத் தஞ்சை நாயக்கரான செவ்வப்பரால் நிறைவுபெற்றது எனப் பெரும்பணிகளின் பெயர்கள் விளங்கி நிற்க, பாதையோர மண்டபங்களைக் கட்டியோரில் பலர் பெயர் விளங்காத கொடையாளிகளாகவே உள்ளனர். அரசாணையைக் காட்டிலும் பலருடைய சிறுசிறு அறங்களே இப்பாதையை ஆக்கின என்பதற்கு இந்தப் பெயரின்மையே தக்க சான்று. பெருங்கோயிலுக்குள்ளேயே இத்தகைய அறத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு: வடக்குக் கோபுரத்தை நிறைவு செய்தவர் அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி, ஊர் ஊராகச் சென்று திரட்டிய பொருளைக் கொண்டே அவர் அதை எழுப்பினார் என்பதால் அக்கோபுரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மண்டபத்தை அடுத்துக் குளம் என்பது பொதுவான அமைப்பு. உண்ணாமுலைத் தீர்த்தம், சிங்க தீர்த்தம், பாலி தீர்த்தம், சோண தீர்த்தம் முதலான நீர்நிலைகள் மலையின் சரிவில் வடியும் மழைநீரைத் தேக்கிக்கொள்பவை. நான்கு புறமும் படிகளோடு வெட்டப்பட்ட குளங்கள் இவற்றுள் பல. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவ்வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழையின் நீரைக் கோடை வரை காத்துவைத்தால் மட்டுமே நடப்பவருக்குத் தண்ணீர் கிடைக்கும். குளத்து நீர் வற்றிய மாதங்களில் தண்ணீர்ப் பந்தல்கள் அக்குறையை ஈடுசெய்தன. பானை நீரும் நீர்மோரும் பானகமும் வழங்குவது தமிழகத்தில் தனியொரு அறமாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. வழிப்போக்கர் தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கி என்னும் அமைப்பும் தமிழகக் கிராம வழிகளில் பரவலாக உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்காமல் சென்ற சுமையை ஆற்றும் பொருட்டு, இக்கல்லை எடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு குடும்பத்தின் துயரம் ஊரார் அனைவரின் இளைப்பாறலுக்கு உரிய இடமாக மாறியதைப் போன்ற அறங்களின் தொகுப்பாகவே பழைய நடைவழிகளைக் காண வேண்டும்.

சுவாமி நடக்கும் வழிகள்

மண்டபங்கள் மனிதருக்கு மட்டும் உரியவை அல்ல. உற்சவமூர்த்தி, அதாவது திருவிழாக் காலத்தில் வெளியே எழுந்தருளும் திருமேனி, வழியில் தங்கி வழிபாடும் படையலும் ஏற்கும் நிகழ்ச்சி மண்டகப்படி எனப்படும். குறிப்பிட்ட ஊராரோ குடும்பத்தாரோ சமூகத்தாரோ அதன் செலவை ஏற்பர். அண்ணாமலையார் ஆண்டில் இருமுறை மலையை வலம்வருகிறார்: கார்த்திகைத் தீபத்தை அடுத்த நாள்களில் ஒருமுறை, தை மாதத் திருவூடலையொட்டி மறுமுறை.

திருவூடல் நிகழ்ச்சி பாதையின் வரலாற்றுக்கு இன்றியமையாதது. மாட்டுப் பொங்கலன்று, பிருங்கி முனிவர் அம்மனை வணங்காமல் சிவனை மட்டுமே வணங்கியதன் காரணமாகச் சுவாமிக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் எழுந்த பிணக்கு, அதற்கென்றே பெயர்பெற்ற திருவூடல் தெருவில் நடத்திக் காட்டப்படுகிறது. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்ள, சுவாமி குமரக்கோயிலில் இரவைக் கழித்து, மறுநாள் தனியாக மலையை வலம்வந்த பின்னரே ஊடல் தீர்கிறது. ஊடல் தணியும் காலத்தை மலைச்சுற்றின் நடைநேரம் நிரப்புவதாக அமைந்துள்ள இச்சடங்கில், பாதையோரக் கிராமத்தார் தத்தம் எல்லையில் சுவாமியை எதிர்கொண்டு வணங்குகின்றனர். கோயிலுக்குச் செல்லும் ஊர்களாக மட்டும் இல்லாமல், கோயில் தம்மிடம் வரும் ஊர்களாகவும் அவை ஆகின்றன.

மலைச்சுற்றைத் தாண்டியும் சுவாமியின் வழிகள் நீள்கின்றன. தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்ப்பேட்டையிலும், ரதசப்தமியன்று செய்யாற்றின் கரையிலுள்ள கலசபாக்கத்திலும் தீர்த்தவாரி, அதாவது திருமேனியை நீராட்டும் சடங்கு, நிகழ்கிறது. மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நடைபெறும் தீர்த்தவாரி மிகவும் தனித்தன்மை வாய்ந்தது: மகப்பேறின்றி வருந்திய வல்லாள மன்னருக்கு இறைவனே மகனாகி வந்தார் என்ற நம்பிக்கையின்படி, போரில் மடிந்த அம்மன்னருக்கு மகன் செய்யவேண்டிய கடனை அண்ணாமலையார் ஆண்டுதோறும் அங்குச் செய்கிறார். வரலாற்றில் மூன்றாம் வல்லாளர் மதுரைச் சுல்தானின் படையோடு பொருது 1340-களின் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். அவர் ஆண்ட அரசு மறைந்து ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், அவருடைய நினைவு ஒரு கிராம வழியில் ஆண்டுக்கொரு முறை நடந்து செல்லும் சடங்காகத் தொடர்கிறது. இம்மூன்று பயணங்களையும் மலைச்சுற்றையும் ஒன்றாக வைத்து நோக்கினால், திருவண்ணாமலையின் நாட்டுப்புற வழிகள் மக்களின் நடையாலும் சுவாமியின் நடையாலும் சேர்ந்தே பேணப்பட்டமை புலனாகும்.

ஓட்டமும் நடையும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வழிகளுக்கு வேறொரு இலக்கணத்தைக் கொண்டுவந்தது. 1786 ஜூன் 1 அன்று சென்னையில் பொது அஞ்சலகம் திறக்கப்பட்ட பின்னர், தபால் பைகளைத் தோளில் சுமந்து ஓடும் ஓட்டக்காரர்கள் மாகாணத்தின் வழிகளில் நிரந்தரக் காட்சியாயினர். ஒருவர் குறிப்பிட்ட தொலைவு வரை ஓடி அடுத்தவரிடம் பையை ஒப்படைப்பதும், காட்டு விலங்குகளை விலக்கவும் வருகையை அறிவிக்கவும் சலங்கை கட்டிய கோலை ஏந்துவதும், இரவில் தீவட்டியோடு செல்வதும் அவர்களின் பணிமுறை. அஞ்சல் துறையில் ரன்னர் என்ற பதவிப்பெயர் நெடுங்காலம் நீடித்தது அதன் எச்சமே. இவ்வழிகளில் தங்குமிடம் என்பது பை கைமாறும் இடம் மட்டுமே. ஓடுபவருக்கு நேரம் கடந்தால் தண்டனை. ஒரே நிலப்பரப்பில் இவ்வாறு இருவகை வழிகள் அருகருகே இயங்கின: தாமதத்தைக் குற்றமாகக் கருதிய தபால் வழி, விரைவைக் குற்றமாகக் கருதிய வலம்வரும் வழி.

உலகின் பிற மலைவழிபாட்டு மரபுகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். திபெத்தில் கயிலை மலையைச் சுற்றும் வழி ஏறத்தாழ 52 கிலோமீட்டர். வழிபடுவோரில் திறமுடையோர் அதை ஒரே நாளில் முடிக்க முனைவதுண்டு. ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகிலுள்ள ஹியெய் மலையில், தெண்டாய் பௌத்தப் பிரிவின் துறவிகள் ஏழாண்டுகளில் ஆயிரம் நாள்கள் மலைவழியைச் சுற்றிவரும் கடுந்தவத்தை மேற்கொள்கின்றனர். அதில் வேகமும் நாளொன்றுக்குக் கடக்கும் தொலைவும் தவத்தின் அளவுகோல்கள். திருவண்ணாமலையிலோ நடையின் நிதானமே தவமாகக் கருதப்பட்டது. உடலை வருத்தும் வழிபாட்டை மேற்கொள்வோர்கூட இங்கு விரைவை நாடாமல், தரையில் உருண்டு வலம்வரும் அங்கப்பிரதட்சிணத்தையே தேர்ந்தனர்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்தையும் காட்பாடியையும் இணைத்த மீட்டர்கேஜ் இருப்புப்பாதை திருவண்ணாமலை வழியாகச் சென்றது. இரயிலும் நடையும் கலந்த அக்காலப் பயணத்துக்கு, பின்னர் ரமண மகரிஷி என அறியப்பட்ட வேங்கடராமனின் வருகை நன்கு பதிவான எடுத்துக்காட்டாகும். 1879-இல் திருச்சுழியில் பிறந்த அவர் மதுரையிலிருந்து புறப்பட்டு, கையிருப்பு தீர்ந்ததும் மாம்பழப்பட்டில் இறங்கி அறையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் காதணியை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் சீட்டு வாங்கி, 1896 செப்டம்பர் 1 அன்று காலையில் திருவண்ணாமலை வந்தடைந்தார். 1950-இல் மறையும் வரை அவர் இவ்வூரை விட்டு நீங்கவில்லை. ஏறத்தாழ 1926 வரை அன்பர்களோடு அவர் பலமுறை மலையை வலம்வந்துள்ளார். மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்புவதும், சில முறை வழியில் தங்கிச் சமைத்து உண்டு நாள்கணக்கில் மெல்ல வருவதும் அவர்களின் வழக்கம். அவர் இயற்றிய அருணாசல அட்சரமணமாலையின் ஒரு பகுதி இவ்வாறு நடக்கும்போதே உருவானது. மண்டபமும் குளமும் அவற்றின் பழைய பயனில் முழுமையாக ஈடுபட்டிருந்த கடைசிக் காலமாக இந்த ஆண்டுகளைக் கொள்ளலாம்.

பௌர்ணமியின் கூட்டம்

மகரிஷியின் காலம் வரை மலைச்சுற்று பெரும்பாலும் அமைதியான நாட்டுப்புற வழியாகவே இருந்தது. தீபத் திருவிழாவைத் தவிர்த்த நாள்களில் உள்ளூராரும் சாதுக்களும் சில யாத்திரிகருமே அதில் நடந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் பௌர்ணமிதோறும் வலம்வரும் வழக்கம் தமிழகம் முழுவதும் பரவியது. வார இதழ்களும் ஒலிநாடாக்களும் தொலைக்காட்சியும் அதைப் பரப்பின. சிறப்புப் பேருந்துகளும் இரயில்களும் அதை எளிதாக்கின. பழைய வடாற்காட்டிலிருந்து 1989-இல் பிரிக்கப்பட்டு உருவான புதிய மாவட்டத்துக்குத் தலைநகரானதும் ஊரின் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. சித்திரைப் பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் பல இலட்சம் மக்கள் ஒரே இரவில் இவ்வளையத்தைச் சுற்றும் நிலை ஏற்பட்டது.

கூட்டம் பாதையின் உடலை மாற்றியது. மண்தடம் தார்ச்சாலையானது, மின்விளக்குகள் வரிசையாக எழுந்தன, பக்கவாட்டில் நடைமேடை அமைக்கப்பட்டது, வயல்கள் மனைகளாகவும் ஆசிரமங்களாகவும் விடுதிகளாகவும் மாறின. தண்ணீர்ப் பந்தலின் இடத்தைக் குடிநீர்க் குழாய்களும், சத்திரத்துச் சோற்றின் இடத்தை அன்னதானக் கூடங்களும், சுக்குமல்லிக் காபி விற்கும் தள்ளுவண்டிகளும் நிரப்பின. நான்கைந்து மணி நேரத்தில் சுற்றை முடித்து இரவுப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய நடைக்கு மண்டபம் தேவைப்படுவதில்லை. ஆகவே மண்டபங்களில் பல கடைகளின் பின்புறமாயின, குளங்களில் சில தூர்ந்தன. நின்று செல்லும் கட்டாயத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கும் இடங்களுள் ஒன்று, குபேர இலிங்கத்தை அடுத்துள்ள இடுக்குப் பிள்ளையார் கோயில். பின்வாயிலில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, உடலை மெல்ல நகர்த்தி, குறுகிய கல்வாயில்களைக் கடந்து முன்புறம் வெளிவர வேண்டிய அவ்விடத்தில், எத்தனை பெரிய கூட்டமும் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்தே ஆக வேண்டும்.

மரங்களின் வரலாறு இருவேறு திசைகளில் சென்றது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பலியாகி, அடிக்கடி எழுந்த தீயாலும் மொட்டையாகிப்போன மலைச்சரிவில், 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் மரம் வளர்க்கும் பணியில் ஈடுபட்டதன் பயனாகப் பசுமை மீண்டது. மறுபுறம், 2016-இல் பாதையை அகலப்படுத்தும் திட்டத்துக்காக ஓரத்து மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்து, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டுப் பணியைத் தடுத்து நிறுத்த நேர்ந்தது. தார்ச்சாலைக்கு உட்புறமாக, மலையடிவாரக் காட்டின் ஊடே சாதுக்களும் அமைதி நாடுவோரும் நடந்துவந்த உட்பாதை, காட்டின் பாதுகாப்பைக் கருதி வனத்துறையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பழைய மண்வழியின் இயல்பைத் தாங்கியிருந்த இவ்வொற்றையடித் தடம் பொதுநடைக்கு எட்டாததாக ஆனதும், நடப்போர் அனைவரும் வாகனங்களோடு பகிர்ந்துகொள்ளும் வெளிப்பாதைக்கே தள்ளப்பட்டனர்.

பௌர்ணமி அல்லாத நாள்களின் விடியற்காலையில் இப்பாதைக்கு இப்போது வேறொரு பயனும் ஏற்பட்டுள்ளது. நடைப்பயிற்சி செய்வோரும், காவலர் தேர்வையும் இராணுவ ஆள்சேர்ப்பையும் எதிர்நோக்கி ஓடிப் பழகும் இளைஞர்களும் அதைப் பயன்படுத்துகின்றனர். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதால், வேளாண்மை பொய்த்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு ஓட்டம் ஒரு பிழைப்பு வழியாகவே ஆகிவிட்டது. தபால் ஓட்டக்காரரை விலக்கி நின்ற வளையத்துக்குள் ஓட்டம் இவ்வாறு நுழைந்ததை மரபின் சிதைவாகக் கருத வேண்டியதில்லை. இவர்களுக்கும் தேவைப்படுபவை பழையவைதாம்: வாகனம் மோதாத ஓரம், வெயில் ஏறுமுன் நிழல், நின்று குடிக்க நீர்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிவு ஒன்று உண்டு. பல நூற்றாண்டுகளாக இப்பாதையைக் காத்துவந்தவை அதன் ஓரங்கள். குளமும் மண்டபமும் மரமும் பாதைக்கு அழகு சேர்க்கும் இணைப்புகளாக இல்லாமல், நடையைச் சாத்தியமாக்கிய உறுப்புகளாகவே இருந்தன. அண்மைக் காலத் திட்டங்கள் பெரும்பாலும் எத்தனை பேர் எவ்வளவு விரைவில் கடக்கலாம் என்ற கணக்கைக் கொண்டு பாதையின் நடுப்பகுதியை அகலப்படுத்துவதில் கருத்தைச் செலுத்துகின்றன. அவ்வகலம் ஓரங்களிலிருந்தே எடுக்கப்படுவதால், கூட்டத்துக்கு இடம் தரும் முயற்சியே கூட்டம் நிற்பதற்கான இடத்தைக் குறைத்துவிடுகிறது. தூர்ந்த குளமொன்றைத் தூர்வாருவதும், ஆக்கிரமிக்கப்பட்ட மண்டபமொன்றை மீட்பதும், சாலைப் பணிக்கு ஈடான போக்குவரத்துப் பணிகளாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பதே ஒன்பது நாழிகை வழியின் வரலாறு இன்றைய நிர்வாகத்துக்கு அளிக்கும் பாடம்.